மார்கழியில் கொடுத்த மோர்

என் தங்கை மருமகள் போன வாரம் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு டப்பா, அதில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு பெண், பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பெப்டைட்'. மூட்டுவலி, முகச்சுருக்கம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இன்னும் மனுசனுக்கு வரக்கூடிய அத்தனைக்கும் அந்தப் பொடி நல்லதாம். கீழே அவள் கேள்வி: "பெரியத்தை, நீங்க இதுலதான காலம்பூரா வேலை பாத்தீக. அத்தைக்கு வாங்கிக் கொடுக்கலாமா? பிபி மாத்திரையை விட்டுறலாம்னு இருக்காக."

மாத்திரையை விட்டுவிடலாம் என்ற அந்த ஒரு வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. உடனே தங்கைக்குப் போன் போட்டுக் காது கூசும்படி ஏசினேன். ஏசி முடித்த பிறகுதான், காரணம் சொல்லாமல் ஏசிவிட்டோமே என்று தோன்றியது. அந்தக் காரணத்தைத்தான் நான் வேலை பார்த்த லேபில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகளும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன, எந்தப் புரதத்தை எந்த இடத்தில் வெட்டினால் என்ன துண்டு விழும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. நாங்கள் ருசி பார்க்க நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற காலம் அவர்களுக்குக் கதை. கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. கெமிஸ்ட்ரி படித்தேன். ஒரு மில்லில் கொஞ்ச காலம் சாயம் சோதித்தேன், ஒரு பால் பண்ணையில் கொஞ்ச காலம் கொழுப்பு அளந்தேன், நடுவில் கல்யாணமும் ஆனது. என் முன்கதை அவ்வளவுதான். ராஜபாளையத்தில் சத்துமாவும் நோயாளிகளுக்கான புரதப் பொடியும் தயாரித்த ஒரு கம்பெனி, தன் குடோனில் பாதியைத் தடுத்து ஆராய்ச்சி லேப் ஆக்கியபோது அங்கே டெக்னீசியனாகச் சேர்ந்தேன். அந்த லேபின் தலைமை சுபத்ரா மேடம்.

மேடம் உள்ளூர்க்காரர்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட சேலை, செருப்புச் சத்தமே கேட்காத நடை. பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது. கண்ணாடிக் குடுவை உடைந்தால் "போனீலே" என்பார். போகட்டும் விடு என்று அர்த்தம். விலை உயர்ந்த ரசாயனத்தைக் கொட்டிவிட்டாலும் அதே "போனீலே"தான். ஆனால் பார்க்காத அளவைப் பார்த்ததாக யாராவது சொன்னால் அன்றைக்கு அவரிடம் பேச்சே இருக்காது. ஏசுவதைத் தாங்கிக்கொள்ளலாம், அந்த மௌனத்தை ஒருத்தராலும் தாங்க முடியாது. நானெல்லாம் வாயாடி. எனக்கே அவர் முன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் செய்த வேலையை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். பாலில் இருக்கும் புரதம் நீளமான பூச்சரம் மாதிரி. சரமாக இருக்கும்வரை அது வெறும் சத்து. அதைச் சரியான இடத்தில் வெட்டினால் விழுகிற சின்னத் துண்டுகளில் சிலதுக்குத் தனி வேலை உண்டு. அதுதான் பெப்டைட். ஒரு துண்டு கிருமியை விரட்டலாம், இன்னொன்று சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். நாங்கள் தேடியது ரத்தக்குழாயை இறுக்கி ரத்தக்கொதிப்பை ஏற்றுகிற ஒரு நொதியின் வாயை அடைக்கும் துண்டை. தயிர் உறையும்போதும், நம் வயிற்றுக்குள் பால் செரிக்கும்போதும் இந்த வெட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை வயிற்றிலும் இதுதான் நடக்கிறது என்று மேடம் முதல்முறை சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது. என் மகனுக்கு அப்போது கைக்குழந்தைப் பருவம். அன்று சாயங்காலம் அவன் பால் குடித்துத் தூங்குவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வெண்ணெய் எடுத்த பால் கேனில் வரும். அதைக் காய்ச்சாமல் லேசாகச் சூடுபடுத்தி, கலக்கிக்கொண்டே அமிலம் சொட்டு சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் ரப்பர் மாதிரி திரளும். பொறுமையாக விட்டால் பூப்போலப் படியும். அதைக் கழுவி, மறுபடி கரைத்து, சரத்தை வெட்டுகிற நொதியைச் சேர்த்து, வெந்நீர்த் தொட்டியில் ஒரே சூட்டில் வைப்போம். வெட்டு நடக்க நடக்கக் கரைசல் புளிப்பேறும். அதைச் சரிக்கட்டக் காரத்தைச் சொட்டுவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விடுகிற காரம் எம்புட்டோ, நடந்த வெட்டும் அம்புட்டு. சரியான நேரத்தில் கொதிக்கவைத்து நொதியைக் கொன்றுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் நமக்கு வேண்டிய துண்டையும் அது நறுக்கிப் போட்டுவிடும்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது கசப்பு. துண்டு சின்னதாக ஆக ஆகக் கசக்கும். வேப்பங்கொழுந்து தோற்றது போங்கள். வேலை செய்கிற துண்டுகள்தான் பெரும்பாலும் கசப்பாகவும் இருந்து தொலைத்தன. காலையில் பத்து மணிக்கு வரிசையாகச் சின்னக் கிண்ணங்களை வைப்போம். வாயைக் கொப்பளித்து, ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டித் துப்பி, கசப்புக்கு மார்க் போட வேண்டும். முதல் கிண்ணத்தை எப்போதும் மேடம்தான் எடுப்பார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அவர் முகத்தைப் பார்த்து ஏமாந்துபோய் நான் அள்ளி வாயில் விட்டு, அன்றைக்கு மத்தியானம் சோறே இறங்கவில்லை.

ஒருநாள் கண்ணாடிக் குழாயில் செய்த சோதனையில், ரத்தக்குழாயை இறுக்குகிற அந்த நொதி அப்படியே அடங்கிப்போனது. திரும்பத் திரும்பச் செய்தோம், திரும்பத் திரும்ப அடங்கியது. நான் குதிக்காத குறை. மேடம் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குழாயில வேலை செஞ்சா குழாய்க்கு நல்லது. மனுசனுக்கு நல்லதான்னு மனுசன்கிட்டதான் பாக்கணும்." வயிற்றில் விழுந்ததும் அந்தத் துண்டை நம் உடம்பே வெட்டிப் போடலாம், குடலைத் தாண்டாமலே போகலாம், ரத்தத்துக்குப் போனாலும் செத்த நேரத்தில் கரைந்துவிடலாம். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி என் குதிப்பை அடக்கினார்.

அப்படித்தான் மனிதர்களிடம் பார்க்கும் வேலை தொடங்கியது. மதுரை டாக்டர் ஒருவர் மேற்பார்வை. கசப்பு தெரியாதபடி மோராக்கி, சின்னப் பாக்கெட்டில் அடைத்தோம். நீலப் புள்ளி வைத்தது ஒன்று, பச்சைப் புள்ளி வைத்தது ஒன்று. ஒன்றில் பெப்டைட் இருக்கும், மற்றது வெறும் மோர். புள்ளியை வைத்தவர் மதுரை டாக்டர், எது எதுவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பிபி கொஞ்சம் கூடி, மாத்திரை இன்னும் தொடங்காதவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். பாதிப் பேர் ராஜபாளையம், பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்காரர்கள். கார்த்திகையில் தொடங்கினோம். குடித்துவிட்டு வெறும் பாக்கெட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ராஜபாளையம் ஆட்கள் கசக்கிச் சுருட்டி, புளித்த வாடையோடு தருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாக்கெட்டுகளோ கழுவிக் காயவைத்து, மடித்து வரும். என்ன சுத்தம், என்ன ஒழுங்கு என்று நான் லேப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிபி பார்க்கும் முறையையும் மேடம்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வந்தவுடனே பட்டையைச் சுற்றக் கூடாது. முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் அவரும் பேசக் கூடாது, நாமும் பேசக் கூடாது. முதல் அளவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பயத்தில் அது கூடித்தான் நிற்கும். பொறவு இரண்டு தடவை பார்த்து எழுத வேண்டும். நம் ஊரில் ஒரு மனுசனை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைப்பதைவிட ஒரு காளையைக் கட்டிப்போடுவது லேசு. மேடம் எதிரே உட்கார்ந்தால் மட்டும் எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோதை மாமி வீட்டுக் கூடத்தில்தான் நாங்கள் பிபி பார்ப்போம். மாமியும் மோர் குடிக்கிறவர்களில் ஒருத்தி. பக்கத்து வீட்டில் சுபேதார் முத்தையா இருந்தார். மகாராஜபுரத்துக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று அங்கே வீடு கட்டியவர். தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்து நின்றார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் மேடம் மறுத்துவிட்டார். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மேடம் காரைவிட்டு இறங்கும்போது வாசலில் விறைப்பாக நின்று சல்யூட் வைப்பார். மேடமும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

மார்கழி பிறந்து இரண்டு வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் அளவுகள் இறங்க ஆரம்பித்தன. ஒவ்வொருத்தருக்கும் இறங்கியது. முதலாளி லேபுக்கே வந்து எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். பாக்கெட்டில் 'ரத்தக்கொதிப்பைக் குறைக்கும்' என்று அச்சடிக்கப் படம்கூட வரைந்து வைத்திருந்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் லேபுக்காக நிறையச் செலவு செய்திருந்தார், இது தேறாவிட்டால் இந்த இடம் மறுபடி குடோன்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லியும் இருந்தார். மேடம் மட்டும் பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு, நீலப் புள்ளிக்காரர்களுக்கும் பச்சைப் புள்ளிக்காரர்களுக்கும் ஒன்றுபோலக் குறைகிறதே, அது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்லது நடக்கும்போது இந்த அம்மா ஏன் இப்படி நோண்டுகிறார் என்று நினைத்தேன்.

மார்கழிக் கடைசியில் வரும் கூடாரவல்லிக்கு இரண்டொரு நாள் முன்பு, கோதை மாமி வீட்டில் பிபி பார்த்துக்கொண்டிருந்தோம். சுபேதார் உள்ளே வந்து, தனக்கும் பார்க்கச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்லாமலே கால் ஊன்றி, முதுகு சாய்த்து, ஐந்து நிமிடம் சிலைபோல இருந்தார். காலையிலிருந்து மண்டையிடி என்று மட்டும் முன்னமே சொல்லியிருந்தார். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். வழக்கமான உயரத்துக்கு ஏற்றியும் காதில் துடிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் ஏற்றினேன், அப்போதும் கேட்டது. மெஷின்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்து மேடத்தைப் பார்த்தேன். அவர் என் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டு, அடுத்த கையில் பார்த்தார். அங்கேயும் அதே கதை, பிபி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"மாத்திரை போட்டீகளா, சுபேதார்?" என்று கேட்டார்.

"எதுக்கு மேடம்? அதான் ஒரு மாசமா உங்க மோர் குடிக்கேனே. நீங்க தராட்டா என்ன, மாமி தந்தாக."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதி முகத்தில்தான் வந்தது. அடுத்து அவர் சொன்ன வார்த்தை குழறியது. மேசைமேல் இருந்த வலது கை தானாக நழுவி மடியில் விழுந்தது.

நான் கத்திவிட்டேன். மேடம் கத்தவில்லை. முதல் காரியமாகத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுபேதார் தண்ணீர் என்று சாடை காட்டியபோது நான் டம்ளரை எடுக்க ஓடினேன். மேடம் என் கையைத் தட்டிவிட்டார். விழுங்க முடியாமல் புரையேறிவிடும் என்றார். சுபேதார் சம்சாரத்திடம் அவர் சாப்பிட்டு வந்த மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு, நாங்கள் வந்த காரிலேயே அவரைக் கிடத்தி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் மேடம் அந்த வலது கையை விடவே இல்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போது கை விழுந்தது என்பதுதான். மேடம் மணியைச் சொன்னார். எந்த மாத்திரை, எத்தனை நாளாக நிறுத்தியது, இடையில் என்ன குடித்தார், எல்லாவற்றையும் மூச்சு வாங்காமல் சொன்னார். எங்கள் மோரின் பெயரையும் மறைக்காமல் சொன்னார். அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்துவிட்டார். கைதான் திரும்புமா திரும்பாதா என்று சொல்ல முடியாது என்றார்கள்.

கோதை மாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். மேடத்தைக் கண்டதும் உடைந்துபோனாள்.

"மார்கழி நோன்புல நாங்க பாலும் நெய்யும் தொடறதில்லை. மோரும் பால்தானே? நீங்க அத்தனை தூரம் வந்து வாய்விட்டுக் கேட்டேள், முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. கொட்டவும் மனசு வரலை. அவர் ஆசைப்பட்டார், கொடுத்துட்டேன். மாத்திரையை நிறுத்துவார்னு சத்தியமா தெரியாது."

மேடம் அவள் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார். "அழாதீங்க மாமி. நானும் இந்தப் பக்கத்துல பொறந்து வளந்தவதான். மார்கழியில உங்க தெருவுல பால் ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? கேக்காம விட்டது நானு" என்றார்.

மறுநாள் முதல் மேடம் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். பாக்கெட்டைப் பற்றி முதலில் பேசமாட்டார். தரையில் உட்கார்ந்து, நோன்பு எப்படி, விடியலில் குளியல் எப்படி என்று விசாரித்துவிட்டு, கடைசியில் மெதுவாக, மோரை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்பார். குடித்தீர்களா என்று கேட்டிருந்தால் மரியாதைக்காக ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இப்படிக் கேட்டதும் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கன்றுக்குட்டி குடித்தது. ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் குடித்தாள். ஒருத்தர் தென்னை மரத்துக்கு ஊற்றியிருந்தார். மார்கழி பிறந்த பிறகு அந்தத் தெருவில் எங்கள் மோரைக் குடித்தவர் என்று அநேகமாக யாருமே இல்லை. பாக்கெட்டை மட்டும் எல்லோரும் கழுவிக் காயவைத்து, கேட்டபடி திருப்பித் தந்திருந்தார்கள்.

அப்படியானால் பிபி ஏன் குறைந்தது? விடியுமுன் குளியல், கோயிலைச் சுற்றி நடை, நெய் இல்லாத சாப்பாடு. மார்கழிதான் வேலை செய்திருக்கிறது மேடம் என்றேன். அதுவும் நமக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத வேண்டும் என்றார். மதுரை டாக்டருக்கு அப்படியே எழுதிப் போட்டார்.

முதலாளி அறையில் நடந்த பேச்சை நான் மறக்கமாட்டேன். அவர் குரல் உயர்த்தவில்லை, கெஞ்சினார். அத்தனை அளவுகளும் நல்லபடியாக இறங்கியிருக்கின்றன, அவுக குடிக்கவில்லை என்று வெளியில் யாருக்குத் தெரியும் என்றார். மேடம் அளவுகள் எழுதிய நோட்டை மூடி வைத்தார்.

"எனக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும். சுபேதார் கைக்குத் தெரியும். நாம அச்சடிச்சா இன்னும் எத்தனை பேர் மாத்திரையை நிறுத்துவாக, சொல்லுங்க" என்றார்.

முதலாளி அந்தப் படம் வரைந்த தாளை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். அடுத்த வாரமே லேபில் பாதி இடத்தில் சத்துமாவு மூட்டைகள் வந்து இறங்கின. வருசக்கணக்கான உழைப்பு, கசப்பைச் சுவைத்த அத்தனை காலை நேரம், எல்லாம் போச்சே என்று நான் புலம்பினேன். மேடம் மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். "போனீலே" என்றார். குடுவை உடைந்தபோது சொன்ன அதே குரல்.

மீதிப் பாதி லேபில் நாங்கள் மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை முதலில் கேட்டது ஒவ்வொரு தெருவின் நோன்பு, விரதம், திருவிழா எல்லாவற்றையும்தான். பாக்கெட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் எதிரே உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று வைத்தோம். கடைசியில் பெப்டைட் மோர் குடித்தவர்களுக்குக் கொஞ்சம் குறையத்தான் செய்தது. கொஞ்சம்தான். மேடம் 'கொஞ்சம்' என்றே எழுதினார். மாத்திரை போடுகிற இடத்தை அது பிடிக்காது, சாப்பாட்டோடு சாப்பாடாக உதவலாம், அவ்வளவுதான் என்று எழுதினார். முதலாளி அதை வெளியே விட்டபோது, 'இது மருந்து அல்ல, மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்ற வரி மோரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மேடம் உட்கார்ந்துவிட்டார். அப்படி எழுதினால் யார் வாங்குவார்கள்? விற்பனை சுமார்தான். அந்தச் சின்னத் துண்டு இவ்வளவாவது செய்கிறதே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அதைவிட, இவ்வளவுதான் என்று சொல்ல ஒரு மனுசி இருந்தாரே என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அவரைப்போல ஒருத்தரிடம் வேலை பார்த்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வேன்.

அடுத்த மார்கழி, நோன்பு முடிந்து பாலும் நெய்யும் தொடுகிற கூடாரவல்லி அன்று மத்தியானம். மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். வாசலில் யாரோ காலை இழுத்து இழுத்து வரும் சத்தம் கேட்டது. சுபேதார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். இடது கையில் ஒரு தூக்குவாளி, கோதை மாமி பாலில் குழைத்துக் கொடுத்துவிட்ட அக்காரவடிசில். மூடியைத் தாண்டி நெய் வாசனை வந்தது.

தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு நேராக நின்றார். வலது தோள் முதலில் அசைந்தது. பிறகு முழங்கை எழும்பியது. கை நடுங்கிக்கொண்டு நெஞ்சுவரை வந்து நின்றது. நான் பிடிக்கப் போனேன், மேடம் கண்ணாலேயே என்னை நிறுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் ஏற்றினார். விரல்கள் முழுசாக நீளவில்லை, ஆனால் நெற்றியைத் தொட்டுவிட்டன.

"மாத்திரை போட்டாச்சு, மேடம்" என்றார்.

மேடம் எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார், பிபி மெஷினை எடுத்து வைத்தார். சுபேதார் கால் ஊன்றி, முதுகு சாய்த்து உட்கார்ந்தார். விதிப்படி ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. மேடம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அழுதுகொண்டிருந்தேன். பிறகு அந்த வலது கையில் பட்டையைச் சுற்றி அவரே அளந்தார். அளவு நன்றாகவே இருந்தது.

"செத்த நேரம் அப்படியே இருங்க சுபேதார்" என்றார் மேடம், ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றாமலே. "முதல் அளவைக் கணக்குல சேக்கக் கூடாது. இன்னொரு தடவை பாக்கணும்."